மனநோய், குடி, சிகரெட்: எங்கள் குடும்பக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதுரையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுகிறோம். மனநோய் உள்ளவர்களின் அம்மாக்கள், மனைவிகள், அண்ணன் தம்பிகள் வருவார்கள். குடியை விட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் வருவார்கள். சில சமயம் நோயாளிகளே வந்து உட்காருவார்கள். நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்குப் பதினேழு வருடமாக மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), அதுதான் என் தகுதி. எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கால் மணி நேரத்தில் பேச்சு சிகரெட்டில் வந்து நிற்கும். அந்தக் கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே இருக்கின்றன. பதில்கள் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும், கொஞ்சம் பட்டும் தெரிந்துகொண்டவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். ஏன் என்பது 11ஆம் கேள்வியில் வரும்.

1. "மனநோய் இருக்கறவங்க ஜாஸ்தியா சிகரெட் பிடிக்கறாங்கன்னு சொல்றது நெஜமா? இல்ல நம்ம கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?"

நிஜம்தான். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், சமீபத்தில் மனநோய் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் புகைத்தார்கள். மனநோயே இல்லாதவர்களில் 22.5 சதவீதம். அந்த நாட்டில் புகைக்கப்பட்ட சிகரெட்டுகளில் ஏறத்தாழ 44 சதவீதத்தைப் புகைத்தவர்கள் மனநோய் உள்ளவர்கள். மனச்சிதைவு உள்ளவர்களிடம் விகிதம் இன்னும் அதிகம். 20 நாடுகளின் 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, அவர்களில் பத்துக்கு ஆறு பேர் புகைப்பதாகச் சொல்கிறது. குடி, போதை மருந்துப் பழக்கம் உள்ளவர்களிடமும் இதே கதைதான்.

நம் ஊர்க் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களில் புகைப்பவர்கள் 19 சதவீதம். சென்னையில் 286 ஆண் மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்து 2002ல் வெளியான ஆய்வில் 38 சதவீதம் பேர் புகைத்தார்கள். மேற்கத்திய எண்களோடு பார்த்தால் இது மிகக் குறைவு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 4ஆம் கேள்விக்கு இது தேவைப்படும்.

2. "சிகரெட் பிடிச்சா டென்ஷன் குறையுதுன்னு என் பையனே சொல்றான். அப்போ அதுவும் ஒரு மருந்து மாதிரிதானே?"

பையன் பொய் சொல்லவில்லை. இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது, மனது லேசாகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் ஒட்டாத நிலை எல்லாம் வரும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கும். சிரங்கு வந்தவனுக்குச் சொறியும்போது சுகமாகத்தான் இருக்கும். சிரங்கு ஆறுகிறது என்று யாராவது சொல்வார்களா?

மனநோய் உள்ளவருக்கு இதில் இன்னொரு சிக்கல். அவருக்குப் பதற்றம் ஏற்கெனவே இருக்கிறது. நோயால் வந்த பதற்றம் எது, சிகரெட் இல்லாததால் வந்த பதற்றம் எது என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே தீர்வு கையில் இருப்பதாகத் தோன்றும்.

3. "நிகோடின் மூளைக்கு நல்லதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே?"

அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தேவையில்லாத சத்தங்களை ஒதுக்கும் திறன் குறைவு. மின்விசிறிச் சத்தம், தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டு டிவி என்று எல்லாம் ஒரே அளவில் உள்ளே வரும். நிகோடின் அந்த வடிகட்டலைச் சிறிது நேரம் சரிசெய்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். கவனமும் கொஞ்சம் கூர்மையாகும். சில மாத்திரைகளால் வரும் உடல் விறைப்பும் மந்தமும்கூடக் குறையலாம்.

ஆனால் இந்த நன்மை நிமிடக் கணக்கு. மூளையில் நிகோடின் போய் ஒட்டும் ஏற்பி என்ற இடத்தைக் குறிவைத்துச் செய்த மருந்துகளைப் பெரிய அளவில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. 'நோயாளிகள் தங்களுக்குத் தாங்களே மருந்து போட்டுக்கொள்கிறார்கள்' என்ற கருத்தை வளர்த்த ஆராய்ச்சிகளில் சிலவற்றுக்குப் பணம் கொடுத்தவை அமெரிக்க சிகரெட் கம்பெனிகள். பின்னால் அந்தக் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோது இது தெரிந்தது. ஆராய்ச்சி முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. யார் செலவில் நடந்தது என்பதும் சேர்ந்து தெரிந்திருக்க வேண்டும்.

4. "அப்போ இவ்ளோ பேர் பிடிக்கறதுக்கு மூளைதான் காரணமா?"

மூளை பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி நாம்தான் என்பது என் கருத்து. 1ஆம் பதிலில் சொன்ன சென்னை ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் ஒன்றுதான், மூளை ஒன்றுதான், ஆனால் இங்கே புகைப்பவர்கள் மேற்கை விட மிகக் குறைவு. இங்கே பெரும்பாலான நோயாளிகள் குடும்பத்தோடு இருக்கிறார்கள், கையில் காசு இருக்காது, பெரியவர்கள் முன்னால் பிடிக்க முடியாது. எல்லாமே உயிரியல் இல்லை என்றுதான் அந்த ஆய்வைச் செய்தவர்களும் முடிவு சொன்னார்கள்.

மேற்கில் மனநல மருத்துவமனைகளே சிகரெட்டை ஊட்டி வளர்த்தன. சொன்ன பேச்சைக் கேட்டால், குளித்தால், படுக்கையை மடித்து வைத்தால் ஒரு சிகரெட். இதையே ஒரு சிகிச்சை முறையாக வைத்திருந்தார்கள். கம்பெனிகளிடம் இலவசமாக சிகரெட் கேட்டு மருத்துவமனைகள் கடிதம் எழுதியிருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் புகைக்கத் தடை வந்தபோது மனநலப் பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். சிகரெட்டே பிடிக்காமல் உள்ளே போனவர்கள் பழகிக்கொண்டு வெளியே வந்த கதைகள் ஏராளம்.

நம் வீடுகளில் நடப்பது மட்டும் என்ன? என் தம்பியின் ஒரு நாள் இது. காலை ஐந்தரைக்கு எழுந்து தெருமுனை டீக்கடை. ஒரு டீ, ஒரு சிகரெட். ஒன்பதுக்கு மாத்திரை, உடனே மாடிப்படியில் ஒன்று. பதினொன்றுக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. வேலை இல்லை, நண்பர்கள் இல்லை, கல்யாணப் பேச்சும் நின்றுவிட்டது. அவனுடைய கடிகாரத்தில் மணி அடித்ததே சிகரெட்தான். பெட்டிக்கடை அண்ணன் ஒருவர்தான் அவனிடம் தினமும் பேர் சொல்லிப் பேசுகிறவர். அம்மா என்ன செய்தார் தெரியுமா? மாத்திரையைத் துப்பாமல் விழுங்கினால் சிகரெட்டுக்கு இருபது ரூபாய். லண்டன், நியூயார்க் வார்டுகளில் நடந்ததை எங்கள் அம்மா யாரும் சொல்லித் தராமலே செய்துகொண்டிருந்தார்.

5. "கஞ்சா இல்ல, வெறும் சிகரெட்தான் பிடிச்சுக்கிட்டிருந்தான். அதனாலதான் நோய் வந்துச்சா? நான் அப்பவே கண்டிச்சிருக்கணுமா?"

இதை அம்மாக்கள்தான் கேட்கிறார்கள், கண் கலங்கி. நோய்க்கும் புகைக்கும் உள்ள உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நோய்க்கான சாய்வு உள்ளவர்கள் புகைக்க அதிகம் இழுக்கப்படுகிறார்கள். புகைப்பதும் மனச்சோர்வு, மனச்சிதைவு வரும் வாய்ப்பை ஓரளவு கூட்டலாம். ஆனால் சிகரெட் பிடித்த கோடிக்கணக்கான பேருக்கு மனச்சிதைவு வரவில்லை. உங்கள் பையனுக்கு வந்ததற்கு அந்த ஒன்றைக் காரணமாக்க யாராலும் முடியாது. நோய் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே உள்ளே பதற்றம் ஆரம்பித்துவிடும், அந்தச் சமயத்தில்தான் பலர் புகைக்கத் தொடங்குகிறார்கள் என்பதும் உண்டு. உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

6. "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இந்தத் தொல்லை இல்லைல்ல?"

1ஆம் பதிலில் சொன்ன தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம்தான். ஆனால் புகைக்காமல் போடும் புகையிலை பெண்களிடம் 12.8 சதவீதம். வெற்றிலையோடு போயிலை, பல்லிடுக்கில் ஹான்ஸ், மூக்குப்பொடி என்று. நோய் உள்ள பெண்ணிடம் 'சிகரெட் பிடிப்பீங்களா' என்று மட்டும் கேட்டுவிட்டு 'இல்லை' என்று எழுதிக்கொள்கிறார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருப்பதை யாரும் கேட்பதில்லை. நிகோடின் அடிமைத்தனம் இரண்டிலும் ஒன்றுதான். மருந்து விஷயத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு, அது 12ஆம் பதிலில்.

7. "அவர் பீடிதான் பிடிக்கறார். இலைதானே, கெமிக்கல் இல்லையே?"

இலைக்குள் இருப்பது புகையிலைதான். பீடி அணைந்து அணைந்து போகும், அதனால் விடாமல், ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். நிகோடினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல், பெரும்பாலும் கூடவே உள்ளே போகின்றன. இந்தப் பக்கத்தில் சிகரெட் என்று எழுதிய இடமெல்லாம் பீடி என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

8. "குடியை விட்டதே எங்க குலசாமி புண்ணியம். இப்போ சிகரெட்டையும் விடச் சொன்னா மறுபடி பாட்டிலைத் தூக்கிருவாரே?"

எங்கள் கூட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பது பெரும்பாலும் மனைவிகள். பயம் நியாயமானது. மறுவாழ்வு மையங்களில் பலவற்றில் 'முதலில் பெரிய பிசாசை ஓட்டுவோம், சின்னப் பிசாசு அப்புறம்' என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். மையத்துக்கு வெளியே மரத்தடியில் ஆலோசகரும் நோயாளியும் சேர்ந்து தம் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. 2004ல் 19 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். போதைச் சிகிச்சையோடு சேர்த்துப் புகை நிறுத்த உதவியும் பெற்றவர்கள், குடியிலிருந்தும் போதையிலிருந்தும் நீண்ட நாள் விலகி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. யோசித்தால் காரணம் புரியும். அவர் இத்தனை வருடம் குடித்தபோதெல்லாம் இடது கையில் சிகரெட் இருந்தது. ஒன்று வாயில் பட்டால் மூளை மற்றதைத் தேடும்.

சின்னப் பிசாசு என்பதும் தப்பு. அமெரிக்காவில் குடி, போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1996ல் வெளியானது. அவர்களில் 222 பேர் இறந்துபோனார்கள். அந்த மரணங்களில் பாதிக்கு மேல் புகையிலையால். குடியால் மூன்றில் ஒன்று. உலகம் முழுக்கக் குடிநோயாளிகளுக்குக் கை கொடுத்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தை 1935ல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், முப்பத்தாறு வருடம் குடியைத் தொடாமல் இருந்தார். புகையால் கெட்டுப்போன நுரையீரலோடுதான் 1971ல் இறந்தார்.

9. "அப்போ ரெண்டையும் ஒரே நாள்ல விடணுமா?"

கட்டாயம் இல்லை. குடியை நிறுத்திய முதல் வாரம் கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு என்று உடம்பே போர்க்களமாக இருக்கும். அது அடங்கியதும் ஆரம்பிக்கலாம். சேர்த்தே விட விரும்புகிறவரைத் தடுக்கவும் வேண்டாம். 'ஒரு வருஷம் போகட்டும்' என்ற தள்ளிப்போடல்தான் கூடாது. அந்த ஒரு வருடம் பத்து வருடமாகிவிடும்.

10. "போன தடவை விட்டப்ப மூணாவது நாளே வெறி பிடிச்ச மாதிரி ஆயிட்டான். விட்டா நோய் கூடத்தானே செய்யும்?"

மூன்றாவது நாள் என்பதைக் கவனியுங்கள். நிகோடின் இல்லாத ஏக்கம் சில மணி நேரத்தில் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, சோர்வு, ஓயாத பசி எல்லாம் மனநோயே இல்லாதவருக்கும் வரும். நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் மட்டும் 'நோய் திரும்பிவிட்டது' என்று படித்துக்கொண்டு, நாமே கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கி வருகிறோம். நான் ஓடியிருக்கிறேன்.

குரல் கேட்பது, சந்தேகம், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பேச்சு, தற்கொலை எண்ணம், நாள் கணக்கில் தூங்காமல் உற்சாகமாகத் திரிவது போன்றவை ஏக்கத்தின் அறிகுறிகள் இல்லை. அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஏக்கத்தைத் தாண்டியபின் என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். 26 ஆய்வுகளின் தொகுப்பு 2014ல் வந்தது. புகையை விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. அந்தக் குறைவு, மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்குக் குறைந்தபட்சம் சமம். ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களிடமும் அப்படித்தான்.

11. "சிகரெட்டை விட்டா மாத்திரை ஓவர் ஆயிடும்னு யாரோ சொன்னாங்க. அதெப்படி, மாத்திரையைக் கூட்டலையே?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை வேகமாக வேலை செய்யத் தூண்டும். அந்த நொதிதான் மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின், ஓலான்சபின் போன்ற மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றுகிறது. அதனால் புகைப்பவருக்கு மாத்திரை சீக்கிரம் கரைந்துபோகும், டாக்டர் கூடுதல் டோஸ் எழுதியிருப்பார். புகையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். மாத்திரை அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். குளோசபின் அளவு ஒன்றரை மடங்கு ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல்.

என் தம்பி மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். எலும்பு வார்டில் பதினோரு நாள், படுக்கையை விட்டு எழ முடியாது, சிகரெட்டும் கிடையாது. நாங்கள் மனதுக்குள் சந்தோஷப்பட்டோம். ஐந்தாம் நாள் தலையணை முழுக்க எச்சில். கண்ணைத் திறக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவி மார்பில் கொட்டியது. வலி மாத்திரையால் இருக்கும் என்று வார்டில் சொன்னார்கள். எட்டாம் நாள் அவனுடைய மனநல டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'சிகரெட் பிடிக்கிறானா இப்போ?' இல்லை என்றதும் அன்றைக்கே குளோசபினைக் குறைத்தார். விட்டிருந்தால் வலிப்பு வரைக்கும் போயிருக்கும் என்றார். அதுவரை பன்னிரண்டு வருடத்தில் சிகரெட்டுக்கும் மாத்திரைக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர்கூட எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் மறுபடி பிடிக்க ஆரம்பித்தான், ஒளித்து. குறைத்த டோஸ், கூடிய புகை. ஒரே மாதத்தில் குரல்கள் திரும்பி வந்தன. அதனால் விட்டாலும் சொல்ல வேண்டும், திரும்பத் தொடங்கினாலும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால், ஜெயிலுக்குப் போனால், சபரிமலைக்கு மாலை போட்டுப் புகையை நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல், குவெடியபின் போன்றவற்றில் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. உங்கள் வீட்டு மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு ஓ.பி. சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

12. "நிகோடின் சூயிங்கம் போட்டுக்கிட்டா அந்த ஓவர் ஆகறது வராதுல்ல? நிகோடின்தான் உள்ள போகுதே?"

வரும். நொதியைத் தூண்டுவது நிகோடின் இல்லை, புகை. சிகரெட்டிலிருந்து கம்முக்கு மாறினாலும் கல்லீரலுக்குப் புகை நின்றது நின்றதுதான். அதே காரணத்தால் ஹான்ஸோ வெற்றிலைப் போயிலையோ போடுகிறவர் நிறுத்தினால் மாத்திரை அளவு இப்படி ஏறாது. 6ஆம் பதிலில் சொன்ன வித்தியாசம் இதுதான்.

காபியையும் அதே நொதிதான் சிதைக்கிறது. புகையை விட்டபின் பழைய கணக்கில் நான்கு காபி குடித்தால் எட்டு குடித்த மாதிரி படபடக்கும், தூக்கம் போகும். அதையும் 'விட்டதால் வந்த கோளாறு' என்று சிகரெட் கணக்கில் எழுதிவிடுகிறோம். முதல் வாரத்திலேயே காபி, டீயைப் பாதியாக்குங்கள்.

13. "எங்கப்பா அந்த கம்மை மென்னு மென்னு விக்கல், வாந்தி. நமக்கு ஒத்துக்காதோ?"

மெல்லும் விதம் தப்பு. மிட்டாய் சூயிங்கம் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்க் குமட்டும். நாலைந்து தடவை மெதுவாகக் கடிக்க வேண்டும். காரமாகச் சுருக்கென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி ரெண்டு கடி, வேறு பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. வெற்றிலைப் போயிலையை ஒதுக்கத் தெரிந்த தாத்தாக்கள் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள்!

2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவில் வருகிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்ற வைப்பவருக்கு 2 மி.கி. பெரும்பாலும் போதாது. போதாத அளவில் போட்டுவிட்டு 'கம் வேலை செய்யவில்லை' என்று விட்டவர்கள் எங்கள் கூட்டத்தில் குறைந்தது பத்துப் பேர். நோயாளிகள் ஒவ்வொரு சிகரெட்டையும் மற்றவர்களை விட ஆழமாக இழுத்து அதிக நிகோடின் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் கம்மும் சேர்த்துக்கூட டாக்டர் கொடுப்பார்.

14. "சிகரெட்டை விட ஒரு மாத்திரை இருக்காமே. அது தற்கொலை எண்ணத்தைக் கொண்டுவரும்னு கேள்விப்பட்டேன்."

வரெனிக்ளின். அப்படி ஒரு பயம் இருந்தது உண்மை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009ல் பெட்டியின் மேல் கடும் எச்சரிக்கையே போட வைத்தது. பிறகு எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம், அதில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள், பெரிய சோதனை நடத்தி 2016ல் வெளியிட்டார்கள். டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களை விட இதைச் சாப்பிட்டவர்களுக்கு மனநலத் தொந்தரவு குறிப்பிடும்படி கூடவில்லை. விட்டவர்களின் எண்ணிக்கையும் இதில்தான் அதிகம். அதே வருடம் டிசம்பரில் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். சோதனையில் இருந்தவர்கள் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நோய் கொதிக்கும் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

புப்ரோபியான் என்று இன்னொன்று உண்டு. வலிப்பு உள்ளவர்களுக்கும், குடியைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் ஆகாது. இருமுனைப் பிறழ்வு (பைபோலார்) உள்ளவர்களுக்கு மிகுந்த கவனம் வேண்டும்.

15. "வேப் வாங்கித் தரலாமா?"

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் சிகரெட் விற்பனையே தடை. கள்ளச் சந்தையில் வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

16. "இருபதிலிருந்து அஞ்சுக்குக் கொண்டுவந்துட்டேன். போதாதா?"

கை கொடுங்கள், அது சாதனைதான். ஆனால் இரண்டு விஷயம். எண்ணிக்கை குறைந்ததும் மீதியை அடிவரை, ஆழமாக இழுப்போம், அதனால் உள்ளே போவது அந்த விகிதத்தில் குறையாது. இதயம் கணக்குப் பார்ப்பதும் இல்லை. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. அஞ்சைப் படிக்கட்டாக நினைத்தால் நல்லது, வீடாக நினைக்காதீர்கள்.

11ஆம் பதிலோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து சிகரெட்டே அந்த நொதியை முழு வேகத்தில் ஓட்டப் போதும். அதனால் இருபதிலிருந்து பத்துக்கு வரும்போது மாத்திரை அளவு பெரிதாக மாறாது. அதற்கும் கீழே இறங்கும்போதுதான் மாறும். டாக்டரிடம் சொல்ல வேண்டிய கட்டம் அது.

17. "காசு குடுக்கலைன்னா அடிக்க வர்றான். வாங்கிக் குடுக்காம என்னதான் செய்யறது?"

அடிக்க வரும் நேரத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் எலும்பு முக்கியம். பேச்சு வேறு நேரத்தில், அவர் அமைதியாக இருக்கும்போது. திடீரென்று பிடுங்கி வைப்பதும், பூட்டி வைப்பதும், காசை நிறுத்தித் திருத்தப் பார்ப்பதும் எங்கள் யார் வீட்டிலும் பலித்ததில்லை. வெறுங்கையோடு ஒரு பழக்கத்தையும் விட முடியாது. மாற்றாகக் கையில் ஒன்று வேண்டும், கம்மோ பட்டையோ.

லண்டனின் தெற்குப் பகுதி மனநல மருத்துவமனைகளில் 2014ல் புகையை முழுக்க நிறுத்தினார்கள், கூடவே நிகோடின் மாற்றும் கொடுத்தார்கள். அடிதடி கூடும் என்று ஊழியர்கள் பயந்தார்கள். உடல்ரீதியான தாக்குதல்கள் 39 சதவீதம் குறைந்தன. சிகரெட் எப்போது கிடைக்கும், யார் கொடுப்பார் என்ற பேரம்தான் பாதிச் சண்டைக்குக் காரணமாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்த இருபது ரூபாய்ப் பேரத்தை நிறுத்திய மாதம் சத்தமும் குறைந்தது. இப்போது மாத்திரைக்குப் பரிசு எதுவும் இல்லை. சிகரெட் காசு தனி, அதை வாரத்துக்கு ஒரு தடவை அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

உதவிக்கு: புகையிலையை விட 1800-11-2356, தமிழிலும் பேசலாம். மனநல அவசரத்துக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். நிஜமாகவே ஆபத்து என்றால் 112 அல்லது 108.

18. "நான்தான் நோயாளி. வேலை இல்ல, குடும்பம் இல்ல. இருக்கற ஒரே சந்தோஷம் இது. இதையும் பிடுங்கணுமா உங்களுக்கு?"

போன வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கேட்டார். விரல் நுனியெல்லாம் மஞ்சள். அறையில் யாரும் பேசவில்லை. 'அதையாவது விட்டுவிடுங்களேன், பாவம்' என்று நாங்கள் எல்லோருமே ஏதோ ஒரு நாளில் சொல்லியிருக்கிறோம். அந்தப் பாவம் பார்ப்பதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களை விடப் பத்திலிருந்து இருபது வருடம் முன்னதாக இறக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தற்கொலையால் இல்லை, இதயமும் நுரையீரலும் போன்ற சாதாரண நோய்களால். அவர்களும் மற்றவர்களைப் போலவே விட விரும்புகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. விடச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் நான் சொன்னது இது. 'பிடுங்க மாட்டோம் அண்ணே. உங்க கை, உங்க முடிவு. என்றைக்காவது விடத் தோன்றினால் முதலில் என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு எங்ககிட்ட காட்டுங்க.' அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் அரை மணி முன்னாலேயே வந்து நாற்காலிகளைப் போட்டார். இப்போதும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்தான் போடுகிறார். கூட்டத்துக்கு நடுவே நாலு தடவை கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர் இப்போது இரண்டு தடவை போகிறார். போன மாதம் போகும்போது ஓ.பி. சீட்டை மடித்து என் நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார். ஓலான்சபின், இரவு ஒன்று.